இரவு இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்? மறதி நோயுள்ளவருக்கு இல்லம் பார்த்தல்

அஞ்செட்டி, உரிகம், நாட்றாம்பாளையம் பக்கத்துக் குடும்பம் ஒன்று, மறதி முற்றிய பெரியவருக்கு இல்லம் தேடக் கிளம்பினால் வழி ஏறக்குறைய ஒன்றுதான். காட்டு ரோட்டில் தேன்கனிக்கோட்டை, அங்கிருந்து ஓசூர். ஓசூரில் மனசு ஒப்பவில்லை என்றால் ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி, சந்தாபுரா, ஆனேக்கல் என்று கர்நாடகத்துக்குள் போவார்கள். மகனுக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மருமகளும் வேலைக்குப் போகிறாள். ஊரில் மிச்சம் இருப்பது ராகிக் காடும் இரண்டு மாடும், ராத்திரியில் எழுந்து "மாட்டைக் கட்டணும்" என்று கதவைத் திறக்கிற அப்பாவும்தான். இந்த அத்தியாயம் அந்த மகனுக்கும் மருமகளுக்கும்.

மறதி நோய், அதாவது டிமென்ஷியா, அரிதானது அல்ல. 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று, இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இது இருப்பதாக மதிப்பிட்டது. ஆனால் நம் ஊர்களில் அதை நோயென்று எண்ணுபவர்கள் குறைவு. வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது என்று விட்டுவிட்டு, சமாளிக்கவே முடியாத கட்டத்தில்தான் அவசர அவசரமாக இல்லம் தேடுகிறோம். அவசரத்தில் தேடுபவர் கட்டடத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். டைல்ஸ் தரையும் ஏசி அறையும் வரவேற்பறையில் சாமி படமும் அவருக்குப் போதும். இரவு இரண்டு மணிக்கு உங்கள் அம்மா எழுந்து உட்கார்ந்தால் பக்கத்தில் வருபவர் யார், அவருக்கு அம்மாவின் பேச்சு புரியுமா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு கட்டடத்தைப் பார்க்கலாம்.

கிளம்பும் முன்

நடப்பது மறதி நோய்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைபாடு, மன அழுத்தம் மூன்றுமே மறதி போலத் தோற்றம் காட்டும். மூன்றுக்கும் வைத்தியம் உண்டு. கீழே விழுந்து தலையில் அடிபட்ட முதியவருக்கு மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையே ரத்தம் மெதுவாகக் கசிந்து, சில வாரம் கழித்துப் பேச்சும் நடையும் குழம்பலாம். தலையை ஸ்கேன் எடுத்தால்தான் அது தெரியவரும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று ஆளே அடையாளம் தெரியாமல் பிதற்றினால் அது பெரும்பாலும் மறதி நோய் அல்ல. சிறுநீர்த் தொற்றோ, ரத்தத்தில் உப்பு குறைந்ததோ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையோ காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்டவர் போக வேண்டிய இடம் மருத்துவமனை.

பெரிய இடத்தில் காட்ட வேண்டும் என்றால் பெங்களூரின் நிமான்ஸ் நமக்குக் கிட்ட. ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. முதியோருக்கான மனநல மருத்துவமும் நரம்பியலும் ஒரே வளாகத்தில் கிடைக்கும். நோயின் வகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அல்சைமரா, ரத்தக்குழாய் அடைப்பால் வந்ததா, லூயி பாடி வகையா என்பது வெறும் பெயர் விஷயம் அல்ல. லூயி பாடி வகையாக இருந்தால் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் உடலை இரும்பு போல் விறைக்கவைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். நாளை ஒரு இல்லத்தில் இரவுப் பணியில் இருப்பவர் அமைதிப்படுத்த ஊசி போடும் முன் அந்தக் காகிதத்தைப் பார்த்தாக வேண்டும்.

இன்னும் கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்றும் யோசியுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிநிவாரணப் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்காத வீட்டுக்கு யாரும் வந்து நிற்பதில்லை.

ஆனால் அஞ்செட்டியில் ஒரு சிக்கல் உண்டு, அதைப் பட்டணத்து மருத்துவர்கள் யோசிக்க மாட்டார்கள். மறதி நோயில் பொழுது சாயும் நேரத்தில் பரபரப்பு கூடும். எழுந்து நடக்கத் தொடங்குவார்கள். சென்னையில் அப்படி நடந்து போனவரை யாராவது பிடித்துப் போலீஸ் ஸ்டேஷனில் விடுவார்கள். இங்கே வீட்டுக் கொல்லை முடியும் இடத்தில் காவேரி வனவிலங்குச் சரணாலயத்தின் காடு. ராகி முற்றும் பருவத்தில் யானை வரும் பாதையும் அதே. அப்பா இரவில் வெளியே போய்விட்டார் என்பது ஒரு தடவை நடந்துவிட்டால், வீட்டில் வைத்திருப்பதா வேண்டாமா என்ற விவாதத்தை அன்றைக்கே முடித்துக்கொள்ளுங்கள். இரவுக்குத் தனி ஆள் வேண்டும், அல்லது இல்லம் வேண்டும்.

பலகையும் உள்ளே இருப்பதும்

முதியோர் இல்லம் என்ற பலகை உள்ள பல இடங்கள் தானாக எழுந்து குளித்துச் சாப்பிடக்கூடியவர்களுக்கானவை. மறதி நோய் என்றதும் கைவிரிப்பார்கள், அது நேர்மை. "எல்லாரையும் சேர்த்துக்குவோம் சார்" என்பவர்தான் கவனிக்க வேண்டியவர். நர்சிங் ஹோம் என்ற பலகை நம் பக்கத்தில் பெரும்பாலும் சின்ன மருத்துவமனை; மாதக்கணக்கில் தங்க ஏற்றதல்ல. குடிநோய் மறுவாழ்வு மையத்தில் ஒருபோதும் சேர்க்காதீர்கள், கட்டணம் எவ்வளவு குறைவானாலும். மறதி நோய்க்கென்றே நடத்தப்படும் மையங்கள் குறைவு. பெங்களூர் கஸ்தூரிநகரில் நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் நடத்தும் மையம் அவற்றில் பேர் தெரிந்தது. சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பின் டெம்கேர்ஸ் பிரிவு மறதி நோய்க்காகவே வேலை செய்கிறது. அங்கே சேர்க்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் இப்படி ஒரு மையத்தை ஒரு முறை போய்ப் பாருங்கள். நல்ல பராமரிப்பு எப்படி இருக்கும் என்று ஒரு அளவு மனதில் விழும். அப்புறம் ஓசூரில் பார்க்கிற இடங்களை எடைபோடத் தெரியும்.

பதிவுச் சான்றைக் கேளுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் முதியோர் இல்லம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். மனநோய்க்குத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் என்றால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு வேண்டும். கர்நாடகத்தில் முதியோர் விவகாரம் மாற்றுத்திறனாளிகள் மற்றும் முதியோர் நலத்துறையிடம் இருக்கிறது.

இதை நான் வலியுறுத்தக் காரணம், 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஒரு ஆசிரமத்தைப் பற்றி வெளிவந்த சேதி. உறவினர்கள் சேர்த்துவிட்ட முதியவர் ஒருவரைத் திரும்பிப் பார்க்கப் போனபோது அவர் அங்கே இல்லை. இடம் போதவில்லை, பெங்களூரில் உள்ள ஒரு இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். பெங்களூரிலும் ஆள் இல்லை. ஆட்கொணர்வு மனு உயர்நீதிமன்றம் வரை போன பிறகுதான் அதிகாரிகள் அந்த ஆசிரமத்துக்குள் நுழைந்தார்கள்; முறையான அனுமதி இல்லாமல் நடந்துவந்தது தெரிந்தது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: குடும்பத்தின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் வேறு எந்த இல்லத்துக்கும் மாற்றக் கூடாது. எழுத மறுத்தால் வாசலிலேயே திரும்பிவிடுங்கள்.

போய்ப் பார்க்கும் நேரம்

காலை பதினோரு மணிக்கு வரச் சொல்வார்கள். குளிப்பாட்டி, தலை சீவி, எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. அதற்கும் ஒரு தடவை போங்கள். ஆனால் சொல்லாமல் இன்னொரு தடவை மாலை ஐந்தரைக்கு மேல் போங்கள். பகல் ஆட்கள் கிளம்பி இரவு ஆட்கள் வரும் நேரம். நோயாளிகளுக்கும் பரபரப்பு கூடும் நேரம். வாசலிலேயே தடுத்து "நாளைக்கு வாங்க" என்றால் ஏன் என்று கேளுங்கள்.

உள்ளே போனதும் நகத்தைப் பாருங்கள். கை கால் நகம் வெட்டியிருக்கிறதா என்பதிலிருந்து அங்கே ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனிக்கும் ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துவிடும். தண்ணீர்ச் செம்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, அல்லது ஜன்னல் மேல் இருக்கிறதா? மறதி நோயுள்ளவர் தாகம் என்று கேட்க மாட்டார். கண்ணில் பட்டால் குடிப்பார். புடவைத் தலைப்பாலோ துண்டாலோ நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா? படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்கிறோம் என்பார்கள். அந்தக் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். எல்லா நாளும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் நிரப்பியிருந்தால் உங்களுக்கே புரியும்.

மேனேஜரிடம் கேட்பதை விட அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் பேசுவது லாபம். "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க அக்கா?" என்று சும்மா கேளுங்கள். வந்து மூன்று மாதம், அதற்கு முன் இருந்தவர் இரண்டு மாதம் என்றால், பராமரிக்கும் முகம் மாறிக்கொண்டே இருக்கும் இடம் அது. முகம் மாறுவதுதான் மறதி நோயாளிக்குப் பெரிய தொல்லை. இரவு எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். "தேவைக்கு ஏற்ப" என்று வந்தால் ஒரே ஒருவர், அவரும் தூங்குவார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பூட்டு தேவைதான், வெளியே நடந்து போகிறவர்களை வைத்திருக்கும் இடத்தில் கதவு திறந்து கிடக்க முடியாது. ஆனால் சாவி யாரிடம்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் சிக்கினார்கள். 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டுவதை இன்றைக்குச் சட்டம் முற்றாகத் தடை செய்திருக்கிறது. இரவு ஆளின் இடுப்பில் சாவி இருக்கிறதா, இன்னொரு வழி இருக்கிறதா என்று நேரில் நடந்து பாருங்கள்.

பகல் பதினோரு மணிக்கு எல்லாரும் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தால் அது அமைதியான இல்லம் அல்ல, மாத்திரை. குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்துகள் சில நேரங்களில் தேவைப்படும். ஆனால் மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளால் இறப்பு அபாயம் கூடுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே எச்சரித்தது. எந்த மருத்துவர் எழுதினார், எப்போது குறைப்பார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். உங்களைக் கேட்காமல் புது மாத்திரை தொடங்கக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

நீரு, நீள்ளு, தண்ணி

நம் பக்கத்து வீடுகளில் மூன்று மொழி புழங்கும். சந்தையில் தமிழ், வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம். ஐம்பது வருடம் தமிழில் பேசிப் பழகிய அஜ்ஜி (பாட்டி) ஒருவர், மறதி முற்ற முற்றத் தமிழை விட்டுச் சின்ன வயதுக் கன்னடத்துக்கே திரும்பிவிடுவது இந்த நோயில் அடிக்கடி நடப்பது. பின்னால் கற்ற மொழி முன்னால் போகும். பெரிய இல்லங்களில் இரவு வேலைக்கு இருப்பவர்களோ ஒடிசா, அசாம், ஜார்கண்ட் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள். நல்ல பிள்ளைகளாகவும் இருப்பார்கள். ஆனால் அஜ்ஜி "ஒந்தக்கே" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தால், ஒன்றுக்குப் போக வேண்டும் என்கிறார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? துணியிலேயே போய்விடுவார். இவருக்குக் கட்டுப்பாடு இல்லை என்று டயப்பர் மாட்டுவார்கள். கழிவறைக்கு நடந்து போகக்கூடிய ஒருவர் ஒரு சொல் புரியாததால் படுக்கையாகிவிடுவார்.

எனவே வசதி கொஞ்சம் குறைவான இடமானாலும் வீட்டு மொழி பேசும் ஆள் இரவில் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். கன்னடம் பேசும் வீட்டுக்கு ஆனேக்கல் பக்கம் சரி. தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு ஓசூரோ கிருஷ்ணகிரியோ நல்லது. எங்கே சேர்த்தாலும் ஒரு தாள் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்கள். வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவோம், தண்ணீர், பசி, வலி, ஒன்றுக்கு, இரண்டுக்கு என்பதை அவர் சொல்லும் சொல், அதன் பொருள் இந்தியிலும் ஆங்கிலத்திலும். எந்தக் காது கேட்கும், எந்தப் பக்கம் படுப்பார், யார் பேரைச் சொன்னால் அழுவார், எந்தப் பாட்டுக்குத் தலையாட்டுவார் என்பதையும் எழுதுங்கள். ஆதார் நகலை விட இது உபயோகப்படும்.

சாப்பாட்டில் இன்னொன்று. ராகிக் களியை மெல்லாமல் உருட்டி விழுங்கியே வளர்ந்தவர்கள் நாம். மறதி நோய் முற்றினால் விழுங்கும் வேலையே தடுமாறும். அப்போது களி உருண்டை தொண்டையில் அடைக்கலாம், தண்ணீர் போன்றவை மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா ஆகலாம். அதற்காக ராகியையே நிறுத்தி இட்லியும் வெள்ளைச் சோறும் மட்டும் போட்டால் தட்டு அப்படியே திரும்பி வரும். கெட்டியான ராகிக் கூழ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: ருசி தெரிந்தது, ஸ்பூனில் ஊட்டலாம், நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுத்தால் சுலபமாக இறங்கும். செய்து தருவார்களா என்று கேளுங்கள். மாவை நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எல்லையும் பத்திரமும்

அஞ்செட்டியிலிருந்து ஓசூரே சுமார் 50 கிலோமீட்டர். பெங்களூர் இல்லம் என்றால் போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று ஆகிவிடும், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால். அடிக்கடி ஆள் வந்து போகிற நோயாளியை எந்த இல்லமும் கூடுதலாகக் கவனிக்கும். இது வெறும் மனித இயல்பு. வாரம் ஒருமுறை போக முடிகிற ஓசூர் இல்லமா, மாதம் ஒருமுறை போகிற பெங்களூர் இல்லமா என்றால் ஓசூர்தான். மகளோ பேத்தியோ பெங்களூரிலேயே குடியிருந்தால் கணக்கு மாறும்.

கட்டணத்தில் மாதத் தொகையைத் தவிர என்னென்ன தனி என்று பட்டியல் கேளுங்கள்: டயப்பர், மருந்து, மருத்துவமனைக்குத் துணைக்கு வரும் ஆள், இயன்முறை சிகிச்சை. நாளைக்கு நான்கு டயப்பர் என்றாலே மாதம் 120. படுக்கையாகிவிட்டால் கட்டணம் எவ்வளவு ஏறும், முன்பணம் எப்போது திரும்பும் என்பதும் எழுத்தில் வேண்டும். அரசுக் காப்பீட்டு அட்டை மருத்துவமனைச் சிகிச்சைக்குத்தான். இல்லத்தின் மாதக் கட்டணத்துக்குச் செல்லாது. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய், அது டயப்பருக்கே காணாது.

நிலம் இருக்கும் வீட்டுக்கு ஒரு வார்த்தை. ஓசூர் வளர வளர நம் காட்டுக்கும் விலை வந்துவிட்டது. அப்பாவுக்கு மறதி என்று தெரிந்ததும் முதலில் வருபவர் தரகர், கையில் பவர் பத்திரம். எழுதிக் கொடுத்தவரின் சித்தம் தெளிவை இழந்தால் அந்தப் பவர் நம் சட்டப்படி செல்லாது. நோயின் ஆரம்பத்திலேயே, தெளிவு இருக்கும்போதே, மருத்துவச் சான்றோடு உயிலை எழுதிப் பதிவு செய்வதும், வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குவதும் நல்லது. தெளிவு போன பிறகு சொத்து விற்க வேண்டுமானால் நீதிமன்றம்தான். பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு கைவிட்ட பிள்ளைகள் மேல், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். பராமரிக்கும் நிபந்தனை பத்திரத்தில் எழுதியிருந்தால் வழக்கு உறுதியாக நிற்கும். தீர்ப்பாயம் கோட்ட அளவில் இருக்கிறது. முதியோர் உதவிக்கு 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. மனநல ஆலோசனைக்கு 14416, எந்நேரமும். பராமரிப்பவர் தானே உடைந்துபோகும் நிலையிலும் அதற்குப் பேசலாம்.

கேட்கச் சங்கடமான ஒன்றையும் சேர்க்கும் அன்றே கேட்டுவிடுங்கள். இறப்பு நடந்தால் சான்று தரும் மருத்துவர் யார்? இறப்புப் பதிவு இறந்த இடத்தில்தான், 21 நாளுக்குள். கர்நாடகத்தில் இறந்தால் அங்கேதான் பதிவாகும். பட்டா மாற்றத்துக்கு அந்தச் சான்றோடுதான் அஞ்செட்டி தாலுகா அலுவலகம் வர வேண்டும். மருத்துவரின் காகிதம் இல்லாமல் இரவில் வண்டி பிடித்து எல்லை தாண்டக் கிளம்பாதீர்கள்.

முதல் மூன்று மாதம்

இடம் மாறியதும் நோய் ஒரு படி முற்றியது போலத் தெரியும். கத்துவார், சாப்பிட மாட்டார், "ஊருக்குப் போலாம் வா" என்று கையைப் பிடித்துக்கொள்வார். "இதுதாம்மா இனி உன் வீடு" என்று வாதாடிப் பயனில்லை. "சரி போலாம், முதல்ல காபி குடி" என்று பேச்சைத் திருப்புங்கள். காபி வருவதற்குள் ஊருக்குப் போவது மறந்துபோகும். சில இல்லங்கள் முதல் பதினைந்து நாள் வரவேண்டாம் என்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடிக்கடி போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, சாப்பாடு வரும் நேரத்தில் விடைபெறாமல் கிளம்பிவிடுவது மேல்.

வீட்டிலிருந்து பழைய கம்பளியையோ, அவர் சாய்ந்து படுத்த தலையணையையோ கொண்டுபோங்கள். நகை வேண்டாம். போகும்போதெல்லாம் குதிகாலையும் இடுப்புக்குக் கீழ் முதுகெலும்பு முடியும் இடத்தையும் துணி விலக்கிப் பாருங்கள். படுக்கைப்புண் அங்கேதான் முதலில் சிவக்கும். பார்க்க விடாமல் "இப்பதான் தூங்கினாங்க" என்று ஒவ்வொரு முறையும் சொன்னால் கவலைப்படுங்கள்.

எல்லாவற்றையும் விட நம்பகமானது எடை. சேர்க்கும் அன்று எடை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை எடுக்கச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்கள் இருக்கும்போதே. முதல் மாதம் கொஞ்சம் குறைவது சகஜம். இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும் தொடர்ந்து இறங்கினால் மருத்துவரையும் சமையல்காரரையும் உட்காரவைத்துக் காரணம் கேளுங்கள். பல் வலியா, விழுங்க முடியவில்லையா, ஊட்ட ஆள் இல்லையா, மாத்திரையால் மயக்கமா என்று ஏதாவது ஒரு பதில் வர வேண்டும். "வயசாயிடுச்சு இல்லீங்களா" என்பது மட்டும்தான் பதில் என்றால், அன்றைக்கே அடுத்த இல்லத்துக்குப் போன் போடுங்கள்.